ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருமுறை வாருங்கள்: கொதிகலன் ஆய்வு அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

கொதிகலன் ஆய்வுப் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

போன வாரம் ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலை ஒன்றில், மூன்றாம் ஷிப்டில் பாய்லரின் பியூசிபிள் பிளக் (தண்ணீர் குறைந்து தகடு காய்ந்தால் தானே உருகி, ஸ்டீமை நெருப்பின் மேல் திறந்துவிடும் பாதுகாப்புத் திருகு) உருகிய செய்தி தங்கள் காதுக்கு வந்திருக்கும். வராமல் போயிருந்தாலும் ஆச்சரியமில்லை. யாருக்கும் காயமில்லை என்பதால் பேப்பரில் வரவில்லை. பாய்லர் ஆறியதும் புது பிளக் மாட்டி, பழையபடி ஸ்டீம் ஏற்றிவிட்டார்கள். அன்று பாய்லர் முன்னால் நின்றவர் விறகு இறக்க வந்த கூலியாள். சுவரில் சட்டம் போட்டுத் தொங்கும், பாய்லர் ஓட்டும் அட்டெண்டன்டுக்கான இரண்டாம் வகுப்புச் சான்றிதழுக்கு உரியவர், இன்னொரு ஊரில் இன்னொரு ஆலையில் வேலை செய்கிறார். அந்தக் காகிதத்துக்கு மாதாமாதம் வாடகை போகிறது. வீட்டு வாடகை கேள்விப்பட்டிருக்கிறோம், கடை வாடகை கேள்விப்பட்டிருக்கிறோம். சேலம் வட்டாரத்தில் சான்றிதழ் வாடகையும் உண்டு என்பது தங்களுக்குத் தெரியாததல்ல.

ஆண்டு ஆய்வை நாங்கள் குறை சொல்லவில்லை. பாய்லரை ஆறவைத்து, ஆள் நுழையும் மேன்ஹோல், சேறு எடுக்கும் மட்ஹோல் திறந்து, அடுப்புக் கம்பிகளை எடுத்து, உப்புப் படிவத்தைச் சுரண்டி வைக்கிறோம். நீங்கள் உள்ளே விளக்கடித்துப் பார்க்கிறீர்கள். தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றும் ஹைட்ராலிக் சோதனை நடக்கிறது. பிறகு ஸ்டீம் ஏற்றி, மெயின் வால்வை மூடி, முழு நெருப்பில் 15 நிமிடம் வைத்து, அழுத்தம் அனுமதித்த அளவுக்கு மேல் 10 சதவீதம் தாண்டாமல் சேஃப்டி வால்வு தாங்குகிறதா என்று பார்க்கிறீர்கள். எல்லாம் சரி. ஆனால் அது தேதி சொல்லி வைத்துச் செய்யும் காரியம். அன்றைக்குச் சான்றிதழ்காரர் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நிற்பார். நீங்கள் ஜீப் ஏறியதும் அவரும் பஸ் ஏறிவிடுவார். ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: பாய்லர் ஸ்டீமில் இருக்கும்போது, சொல்லாமல், ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருமுறை வாருங்கள்.

ஏன் ராத்திரி என்று கேட்கலாம். பழகாதவர் பாய்லர் முன்னால் நிற்பது அப்போதுதான். பாய்லருக்குள் தண்ணீர் மட்டத்தைக் காட்டும் கண்ணாடிக் குழாயான கேஜ் கிளாஸை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் பாதிக்குத் தண்ணீர் தெரிந்தால் உள்ளேயும் பாதிக்குத் தண்ணீர் இருக்கிறது என்றுதான் பழகாதவர் நினைப்பார். சேலத்து போர்வெல் தண்ணீர் கடினமானது. வெள்ளைக்கல் (மேக்னசைட்) வெட்டும் மண்ணல்லவா. தண்ணீரின் கடினத்தைப் போக்கும் சாஃப்ட்னருக்கு உப்புப் போட மறந்தால் சில நாளிலேயே சேறும் படிவமும் கண்ணாடியின் கீழ்ப் பக்கத் தண்ணீர்க் ‘காக்’கை (திறந்து மூடும் திருகுக் குழாயை) அடைத்துவிடும். அப்போது மேல் பக்கம் வரும் ஸ்டீம் கண்ணாடிக்குள்ளேயே குளிர்ந்து தண்ணீராகி, மெல்ல மெல்ல நிரம்பும். உள்ளே பாய்லர் வறண்டுகொண்டிருக்கும், கண்ணாடியோ தளும்பும். இதைக் கண்டுபிடிக்க நல்ல வழி ஷிப்டுக்கு ஷிப்டு கண்ணாடியை ஊதுவது, அதாவது காக்குகளைத் திறந்து மூடி அடைப்பைச் சோதிப்பது. முதலில் தண்ணீர்க் காக்கை மூடி, டிரெயினைத் திறக்க வேண்டும். ஸ்டீம் சீறினால் மேல்வழி சுத்தம். பிறகு ஸ்டீம் காக்கை மூடி, தண்ணீர்க் காக்கைத் திறக்க வேண்டும். தண்ணீர் வேகமாகப் பாய்ந்தால் கீழ்வழி சுத்தம். அதன்பின் டிரெயினை மூடினால் தண்ணீர் கண்ணாடி உச்சிக்கு ஏறும். ஸ்டீம் காக்கைத் திறந்ததும் உண்மையான மட்டத்துக்கு இறங்கி நிற்கும். மொத்தமே ஒரு நிமிட வேலை. விறகு இறக்க வந்தவருக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

தண்ணீர் குறைந்தால் மோப்ரி (மட்டத்தைக் கவனிக்கும் மிதவைக் கருவி) இருக்கிறதே, அலாரம் அடிக்குமே என்பார்கள். டீசல் பாய்லரில் மோப்ரி பர்னரையே நிறுத்திவிடும். விறகு பாய்லரில் அது புகையை இழுக்கும் ஐ.டி. ஃபேனைத்தான் நிறுத்தும். அடுப்பு நிறையக் கனன்றுகொண்டிருக்கும் ஏற்காட்டு சில்வர் ஓக் கட்டைகளை யார் நிறுத்துவது? அலாரம் கேட்டுப் பயந்தவர் முதலில் செய்வது ஃபீட் பம்பை ஓடவிடுவதுதான். செய்யவே கூடாததும் அதுதான். சிவக்கக் காய்ந்த தகட்டில் தண்ணீர் பட்டால் நொடியில் ஸ்டீமாகும். 1 லிட்டர் தண்ணீர், அழுத்தம் விடுபட்டால், 1,600 மடங்குக்கு மேல் விரியும். நெருப்பை வெளியே இழு அல்லது ஈரச் சாம்பலைக் கொட்டி மூடு, புகைவழித் தகடான டேம்பரை அடை, பம்பைத் தொடாதே. தேர்வில் கேட்கும் பாடம் இது. தேர்வு எழுதியவர் பாய்லர் முன்னால் இருந்தால்தானே பயன்? அன்றிரவு காப்பாற்றியது மனிதரல்ல, அந்த பிளக்கின் நடுவில் இருந்த வெள்ளீயம். 7 கிலோ அழுத்தத்தில் ஸ்டீமின் வெப்பம் சுமார் 170 டிகிரி, வெள்ளீயம் உருகுவது 232-ல். இடையில் இருக்கும் அந்த அறுபது டிகிரிதான் ஆலையைக் காப்பாற்றியது. பிளக் அடிக்கடி உருகுகிறது என்று அதற்குப் பதில் இரும்பு போல்ட் முறுக்கிவைத்த புண்ணியவான்களும் நம் மாவட்டத்தில் உண்டு.

1923-ஆம் ஆண்டுக் கொதிகலன் சட்டம் போய் 2025-ல் புதுச் சட்டம் வந்துவிட்டது. ஏழு குற்றங்களில் மூன்றுக்குச் சிறை இல்லை, பணத்தோடு போயிற்று. தொழில் செய்வது எளிதாகட்டும், நல்லதுதான். அட்டெண்டன்ட் இல்லாமல் பாய்லர் ஓட்டுவது சேலத்தில் முன்பே எளிதாகத்தான் இருந்தது, சட்டம் மாறும்வரை யாரும் காத்திருக்கவில்லை. ஸ்டீம் போகும் ஆட்டோகிளேவ் (அழுத்தத்தில் வேகவைக்கும் மூடிய கலன்), உலர்த்தும் சிலிண்டர் எல்லாம் தொழிற்சாலைகளைப் பார்க்கும் வேறு துறைக்குப் போகிறது. பாய்லரைப் பார்ப்பவர் அதைப் பார்ப்பதில்லை, அதைப் பார்ப்பவர் பாய்லர் ரூமுக்குள் வருவதில்லை. அதைப் பற்றி எழுதினால் இன்னொரு மடல் ஆகும்.

வாடகைச் சான்றிதழ் ஏன் முளைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். பத்து வருடம் அடுப்படியில் நின்றவர் தேர்வுக்கு விண்ணப்பிக்க முதலாளி கையெழுத்துப் போட்ட அனுபவச் சான்று வேண்டும். கையெழுத்துப் போட்டால் ஆள் தேறிவிடுவார், தேறினால் சம்பளம் கூட்டிக் கேட்பார், இல்லையென்றால் போய்விடுவார். முதலாளி எப்படிப் போடுவார்? பி.எஃப்., இ.எஸ்.ஐ. பதிவையும் பாய்லர் லாக் புத்தகத்தில் இருக்கும் கையெழுத்தையும் அனுபவமாக ஏற்றுக்கொண்டால், காகிதத்தை வாடகைக்கு எடுக்கும் தேவையே பாதி குறையும். தயவுசெய்து இதையும் பரிசீலியுங்கள்.

கோபம் கொஞ்சம் தூக்கலாக வந்திருந்தால் மன்னியுங்கள். மரவள்ளிக் கிழங்கு வெட்டும் பருவத்தில் ஆலைகள் இரவும் பகலும் ஓடும். வெட்டிய கிழங்கு ரெண்டு மூன்று நாள்கூடத் தாங்காது, அதனால் யாரும் பாய்லரை நிறுத்த மாட்டார்கள். அந்தப் பருவத்தில் ஒரே ஒரு ராத்திரி, ஆத்தூரிலிருந்து தலைவாசல் வரை, சொல்லாமல் வாருங்கள் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். வந்ததும் ஆபீஸ் ரூமில் உட்கார வேண்டாம், நேராக பாய்லருக்குப் போங்கள். நிற்பவரைப் பெயர் கேட்டு, சுவரில் இருக்கும் போட்டோவோடு முகத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். கேஜ் கிளாஸை ஊதிக் காட்டச் சொல்லுங்கள். டார்ச் லைட் மறக்காமல் கொண்டுவாருங்கள், பல ஆலைகளில் அந்தக் கண்ணாடிக்கு மேல் இருக்கும் பல்பு எரிவதில்லை.

இப்படிக்கு,
சேலம் வட்டாரத்தில் பாய்லர் முன்னால் நிற்பவர்கள்