நட்சத்திரம் ஏன் குறைந்தது என்று பயணியிடமும் சொல்லுங்கள்

வாடகை வண்டிச் செயலிகளை நடத்தும் நிறுவனங்களுக்கு,

வணக்கம். பயணம் முடிந்ததும் நாங்கள் ஓட்டுநருக்கு நட்சத்திரம் போடுகிறோம், அவரும் எங்களுக்குப் போடுகிறார். அதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. ஓட்டுநர்மீது கைவைப்பவரை அன்றைக்கே நீக்குங்கள். மதிப்பெண் மிகக் குறைந்த பயணிகளை நீக்கப்போவதாக 2019-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஊபர் அறிவித்ததில் நியாயம் இருந்தது. அந்த மதிப்பெண் உருவாகும் விதம்தான் எங்களுக்கு உறுத்துகிறது.

ஊபர் எடுப்பது கடைசி 500 மதிப்பீடுகளின் சராசரி. 499 ஐந்துகளோடு ஒரு ஒற்றை நட்சத்திரம் சேர்ந்தால் 4.99. பத்தே பயணம் போனவருக்கு அதே ஒன்று விழுந்தால் 4.6. வாரம் இரண்டு முறை வண்டி பிடிப்பவரின் கணக்கிலிருந்து அது கழிய ஏறக்குறைய ஐந்து வருடம் ஆகும்!

அது விழும் விதத்தையும் பாருங்கள். உயரமான கட்டடங்களுக்கு நடுவே ஜிபிஎஸ் சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பும். லொகேஷன் தள்ளிப்போய்ப் பின்வாசலைக் காட்டும். ஓட்டுநர் அங்கே நின்று 'வந்துவிட்டேன்' என்று அழுத்துவார், காத்திருப்புக் கணக்கு ஓட ஆரம்பித்துவிடும். பயணியோ முன்வாசலில் நிற்பார். இரண்டு போன், ஒரு யூ-டர்ன், ஆறு நிமிடம். ஓட்டுநருக்கு நேரம் போனது நிஜம், அவர் கோபத்தில் தப்பில்லை. ஆனால் மேப் செய்த பிழை பயணியின் நடத்தையாகப் பதிவாகிறது.

சக்கர நாற்காலியை மடித்து ஏற்றுபவருக்கு, காத்திருப்புக் கட்டணம் ஓட ஆரம்பிக்கும் முன் கிடைக்கும் இரண்டு நிமிடம் எப்படிப் போதும்? அந்தக் காத்திருப்புக் கட்டணத்துக்காகத்தான் 2021-இல் அமெரிக்க நீதித்துறை ஊபர்மீது வழக்குப் போட்டது. 2022-இல் உடன்பாடு ஏற்பட்டு, மாற்றுத்திறனாளிகள் எனத் தெரிவிப்பவர்களுக்கு அக்கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய ஊபர் ஒப்புக்கொண்டது. கட்டணத்துக்குக் கொடுத்த விலக்கை நட்சத்திரத்துக்கும் கொடுங்கள்.

எத்தனை ஐந்து, எத்தனை ஒன்று என்று 2022 முதல் ஊபர் பிரித்துக் காட்டுகிறது. நல்லதுதான், ஆனால் அந்த ஒன்று எதற்காக என்பது தெரியாமல் யார் எதைத் திருத்திக்கொள்வது? மூன்றுக்குக் கீழே போடும்போது ஓட்டுநர் ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுக்கட்டும்: தாமதம், வசவு, வண்டியை அசிங்கப்படுத்தியது, லொகேஷன் தப்பு. யார் போட்டது என்று தெரியாதபடி, சில நாள் கழித்துப் பயணிக்குக் காட்டுங்கள். ஓட்டுநரின் பாதுகாப்புக்கு அது அவசியம். 'லொகேஷன் தப்பு' என்று வந்தால் சராசரியில் சேர்க்காமல், மேப்பைத் திருத்துபவர்களுக்கு அனுப்புங்கள். கணக்கை முடக்கும் முன் ஒரு மனிதர் படித்துப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வண்டிகளில் அன்றாடம் போய்வரும் பயணிகள்