"சப்போர்ட் ஆகும் சார்" என்று விற்ற 4கே மானிட்டர்: ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
சிவகாசியில் டிடிபி கடை நடத்தும் உங்கள் வாடிக்கையாளர்
(பெயரும் முகவரியும் பில் நகலில் உள்ளன)

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: 27 இன்ச் 4கே மானிட்டரை மாற்றித் தரவும், அதற்காக வாங்க வைத்த கிராஃபிக்ஸ் கார்டு, கேபிளின் பணத்தைத் திருப்பித் தரவும் கோருதல் தொடர்பாக.

ஐயா,

வணக்கம். மானிட்டரில் ஒரு குறையும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோடு விழவில்லை, புள்ளி செத்துப்போகவில்லை, பெட்டி நசுங்கி வரவில்லை. உங்கள் சர்வீஸ் ஆட்கள் மூன்று தடவை போன் செய்து இதைத்தான் கேட்டார்கள். "இல்லைங்க, பீஸ் நல்லாத்தான் இருக்கு" என்று நான் உண்மையைச் சொன்ன மூன்று தடவையும் புகாரை மூடிவிட்டார்கள். "உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது" என்று எஸ்எம்எஸ் வேறு. என் புகாரெல்லாம் விற்கும்போது உங்கள் ஆள் சொன்ன ஒரு வார்த்தையின் மேல்தான். அதனால் இந்தமுறை போனை விட்டுவிட்டு எழுத்தில் அனுப்புகிறேன்.

காலண்டர், கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ் இவைதான் என் வேலை. கம்ப்யூட்டர் 2014-ல் அசெம்பிள் செய்தது. இன்டெல் ஐ5 4460, எச்81 போர்டு, 8 ஜிபி டிடிஆர்3 ராம். நடுவில் ஒரு எஸ்எஸ்டி போட்டேன், அவ்வளவுதான். ஏன் இன்னும் இதையே கட்டிக்கொண்டு அழுகிறாய் என்று நீங்கள் கேட்கலாம். இருபது வருடத்து ஃபைல்கள் என்னிடம் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில், யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறைக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில் இருக்கின்றன. வேறு எதில் திறந்தாலும் கொசகொசவென்று ஆங்கிலக் குறிகளாக வந்து நிற்கும். போன வருட காலண்டரில் தேதியை மட்டும் மாற்றிக் கொடுங்கள் என்று வரும் பார்ட்டியிடம் அதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

ஆடிப்பெருக்கு அன்று எங்கள் ஊரில் அடுத்த வருட காலண்டர் ஆல்பம் வெளியிடுவார்கள். அன்றைக்கு ஏறுகிற ஆர்டர் மார்கழி வரை இறங்காது. அதற்குள் பழைய 22 இன்ச் மானிட்டரை மாற்றிவிட நினைத்தேன். தினசரி காலண்டர் தாளை நீங்கள் கிழித்திருப்பீர்கள், டைப் செய்திருக்க மாட்டீர்கள். உள்ளங்கை அளவுத் தாளில் ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம், நட்சத்திரம், சந்திராஷ்டமம் அத்தனையும் உட்கார வேண்டும். அதில் ஏதாவது ஒன்று தப்பாகப் போனால், வருடம் முழுக்க யாரோ ஒருவர் வீட்டுச் சுவரில் அந்தத் தப்பு தொங்கும். பெரிதாக, தெளிவாகத் தெரிய வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதற்குக் காரணம் இதுதான்.

வாங்குவதற்கு முன் உங்கள் விற்பனைப் பிரிவுக்கு வாட்ஸ்அப்பில் கேட்டேன். பிராசசர் பெயர், போர்டு பெயர், பின்பக்க போர்ட்டுகளின் போட்டோ எல்லாம் அனுப்பினேன். "பழைய சிஸ்டம், இதில் 4கே ஓடுமா?" என்பது என் கேள்வி. "சப்போர்ட் ஆகும் சார், கவலையே வேண்டாம்" என்பது பதில். பக்கத்தில் கட்டைவிரல் பொம்மை. நம்பி ரூ. 24,500 கட்டினேன்.

மாட்டினேன். படம் வந்தது. சப்போர்ட் ஆகிறதுதான், பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி தவளை மாதிரி தாவித் தாவிப் போகிறது. ஒரு "ழ"வைப் பிடித்து அரை மில்லிமீட்டர் தள்ளி வைப்பதுதான் ஐயா என் பிழைப்பு. கை ஒரு இடத்தில் நிற்கிறது, எழுத்து இன்னொரு இடத்தில் நிற்கிறது. செட்டிங்ஸில் போய்ப் பார்த்தால் 30 ஹெர்ட்ஸ். அதாவது நொடிக்கு 30 தடவைதான் திரை புதுப்பிக்கப்படுகிறது. பழைய மானிட்டரில் அது 60. பட்டியலில் 60-ஐத் தேடினேன், இல்லை.

பிறகு இரண்டு ராத்திரி உட்கார்ந்து படித்துத்தான் விஷயம் புரிந்தது. உங்கள் ஆளுக்கு இது அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். என் பழைய மானிட்டர் போன்ற 1920×1080 திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 4கே எனப்படும் 3840×2160 திரையில் சுமார் 83 லட்சம், சரியாக நாலு மடங்கு. இத்தனையையும் நொடிக்கு 60 தடவை கேபிள் வழியே அனுப்ப 2013 செப்டம்பரில் வந்த எச்டிஎம்ஐ 2.0 என்ற இணைப்பு வேண்டும், அதன் வேகம் நொடிக்கு 18 கிகாபிட். என் பிராசசர் வழியாக வருவது 2009-ல் வெளியான எச்டிஎம்ஐ 1.4, அது 10.2 கிகாபிட்டோடு நின்றுவிடும். அதில் முழு வண்ணத்தோடு 4கே என்றால் 30 ஹெர்ட்ஸ்தான். விலை உயர்ந்த கேபிளை மாற்றினாலும் கதை இதேதான். (உங்கள் ஹெல்ப்லைன் முதலில் சொன்ன வைத்தியம் அதுதான். ரூ. 900 கொடுத்து அதையும் வாங்கினேன்.)

இதில் வேடிக்கை என்னவென்றால், டிஸ்ப்ளேபோர்ட் என்ற இன்னொரு வகை இணைப்பு வழியாக 4கே-யை 60 ஹெர்ட்ஸில் கொடுக்கும் திறமை இதே பிராசசருக்கு உண்டு. என் போர்டில் அந்த போர்ட் இல்லை. விஜிஏ, டிவிஐ, எச்டிஎம்ஐ மூன்றுதான். வீட்டுக்குள் ஆள் இருக்கிறார், வாசல் வைக்கவில்லை. நான் அனுப்பிய போட்டோவில் அந்த மூன்று போர்ட்டும் பளிச்சென்று தெரிகின்றன. இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், இணைத்திருக்கிறேன்.

புகார் கொடுத்ததும் உங்கள் டெக்னீஷியன், "கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று போட்டால் சரியாகிவிடும்" என்று உங்கள் கடையிலிருந்தே ஜிடி 710 கார்டை ரூ. 3,900-க்கு அனுப்பி வைத்தார். அந்தக் கார்டிலும் எச்டிஎம்ஐ 1.4தான். மறுபடி 30. கார்டைக் குறை சொல்ல மாட்டேன், அது தன்னால் முடிந்ததைச் செய்கிறது. முடியாத வேலைக்கு அதை அனுப்பியது யார்?

அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பெரிய எரிச்சல். அதே டெக்னீஷியன் ரிமோட்டில் உள்ளே வந்து எதையோ மாற்றினார். 60 ஹெர்ட்ஸ் வந்துவிட்டது, அம்புக்குறி வழுக்கிக்கொண்டு ஓடியது. "பார்த்தீங்களா சார், முடிஞ்சது" என்று வைத்துவிட்டார். நானும் சந்தோஷமாக ஆகஸ்ட் மாதத் தாளைத் திறந்தேன். காலண்டரில் ஞாயிறும் பண்டிகையும் சிவப்பில் வரும், உங்களுக்கே தெரியும். அந்தச் சிவப்பு எண்களின் ஓரமெல்லாம் ஈரத்தாளில் மை ஊறியது போல் கசிந்திருந்தன. கறுப்பு எழுத்து சுத்தமாக இருக்கிறது, சிவப்பு மட்டும் கசிகிறது. பிரிண்ட் எடுத்துப் பார்த்துக் குழம்பி, எழுத்துருவைச் சந்தேகப்பட்டு, அரை நாள் போயிற்று. கடைசியில், அவர் வண்ணத்தை 4:2:0 என்ற முறைக்கு மாற்றி வைத்தது தெரிந்தது. வெளிச்சத்தைப் புள்ளிக்குப் புள்ளி அனுப்பிவிட்டு, நிறத்தை மட்டும் நாலு புள்ளிக்கு ஒன்றாகச் சுருக்கி அனுப்பும் முறை அது. அனுப்ப வேண்டிய சரக்கு பாதியாகிவிடும், அதனால் 60 வந்தது. சினிமா பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. மஞ்சள் தாளில் சிவப்பு எழுத்துப் பத்திரிகை போடுகிறவனுக்கு இது ஆகுமா? என்ன விட்டுக்கொடுத்து 60 வாங்கினோம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த அரை நாள் மிச்சம்.

ஹெர்ட்ஸ் கதை இதோடு போகட்டும். எழுத்து அளவு என்று ஒன்று இருக்கிறது. 27 இன்ச்சில் 4கே என்றால் ஒரு இன்ச்சுக்கு 163 புள்ளி. என் பழைய மானிட்டரில் சுமார் 100. விண்டோஸை 100 சதவீதத்தில் வைத்தால் மெனு எழுத்து கடுகாகிவிடுகிறது. விண்டோஸே 150 சதவீதம் வைக்கச் சொல்கிறது, வைத்தேன். பிரவுசரும் வேர்டும் பளிங்கு மாதிரி ஆகிவிட்டன. பேஜ்மேக்கர் 2001-ல் வந்த பதிப்பு, இந்தப் பெரிதாக்கும் கணக்கே அதற்குத் தெரியாது. விண்டோஸ் அதன் ஜன்னலை ஒரு போட்டோ போல இழுத்துப் பெரிதாக்கிக் காட்டுகிறது, பனிமூட்டத்தில் பார்ப்பது போல் இருக்கிறது. கம்பாட்டிபிலிட்டி பகுதியில் அதற்கென்று இருக்கும் மாற்று வழிகளையும் முயன்றேன். ஒன்றில் எழுத்து மறுபடி கடுகாகிறது, இன்னொன்றில் மெனு தேறுகிறது, டூல்பாக்ஸ் தேறவில்லை. சரி, மானிட்டரையே 1920×1080-க்கு இறக்கினேன். ஒரு புள்ளிக்கு நாலு புள்ளி, கணக்குப்படி துல்லியமாக வர வேண்டும். ஆனால் உங்கள் மானிட்டர் உள்ளே ஏதோ மென்மையாக்கும் வேலை செய்து எழுத்தை மழுப்புகிறது. மழுப்பாவிட்டாலும், பழைய மானிட்டரில் இருந்ததையே பெரிதாகப் பார்க்க ரூ. 24,500 எதற்கு?

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். 4கே-யில் தமிழ் எழுத்தைப் பார்ப்பது தனிச் சுகம். "ஞ"வின் சுழி, "ணை"யின் வளைவு, ஆறு பாயின்ட்டில் வைத்த நட்சத்திரப் பெயர் எதையும் பெரிதாக்காமலே படிக்க முடிகிறது. முருகன் படத்தில் மயில் தோகையின் ஒவ்வொரு இழையும் தெரிகிறது. என் மனைவி வந்து பார்த்துவிட்டு, "இத்தனை நாள் கண்ணாடி போடாமலா வேலை பார்த்தீங்க?" என்றாள். புது கம்ப்யூட்டர் இருந்தால் இந்த மானிட்டரை விட்டுக்கொடுக்கவே மாட்டேன். எனக்கு இருப்பது பழையது. அதை மறைக்காமல் வாட்ஸ்அப்பில் கேட்டபோதே சொன்னேன். அதனால்தான் உங்கள் கடைசி மின்னஞ்சலில் "தங்கள் கணினி பழையது என்பதே காரணம்" என்று படித்தபோது சிரிப்பு வந்தது.

கடையில் காலையில் யூடியூபில் சாமி பாட்டு ஓடும். இப்போது திரை பெரிதென்று கண்டுகொண்டு அது தானாகவே மேல் தரத்துக்குத் தாவுகிறது. 1080-க்கு மேற்பட்ட வீடியோக்கள் யூடியூபில் விபி9 அல்லது ஏவி1 என்ற சுருக்கிய வடிவில் வருகின்றன. அதைப் பிரிக்கும் தனி வன்பொருள் என் பிராசசரிலும் இல்லை, நீங்கள் விற்ற கார்டிலும் இல்லை. பிராசசரே முக்கி முனகிப் பிரிக்கிறது. ஃபேன் சத்தத்தில் பாட்டு கேட்பதில்லை. தரத்தைக் கையால் 1080-க்குக் குறைத்து வைத்துச் சமாளிக்கிறேன்.

எனக்குத் தேவையானது உங்கள் கடையிலேயே, இதைவிடக் குறைந்த விலையில் இருந்தது. பக்கத்து பிரஸ்காரரின் 27 இன்ச் 2560×1440 மானிட்டரை ஒரு ஞாயிற்றுக்கிழமை கடன் வாங்கி வந்து என் சிஸ்டத்தில் மாட்டினேன். அதில் இருப்பது சுமார் 37 லட்சம் புள்ளி, 4கே-யில் பாதிகூட இல்லை. எச்டிஎம்ஐ 1.4-லேயே 60 ஹெர்ட்ஸ், முழு வண்ணத்தோடு. இன்ச்சுக்கு 109 புள்ளி, பழைய மானிட்டருக்குக் கிட்டத்தட்ட சமம். அதனால் 100 சதவீதத்திலேயே வைக்கலாம், பேஜ்மேக்கர் மங்கவில்லை, சிவப்பு கசியவில்லை. இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். 4கே-யை 150 சதவீதத்தில் வைத்தால் வேலை செய்யக் கிடைக்கும் இடமும் கணக்குப்படி 2560×1440தான். பழைய மென்பொருளை நம்பிப் பிழைக்கும் ஒருவனுக்கு, அதே இடத்தை மங்கலாகவும் தாவலாகவும் கூடுதல் காசுக்கு விற்றிருக்கிறீர்கள். "சார், உங்க சிஸ்டத்துக்கு 1440 போதும்" என்று அன்றைக்குச் சொல்லியிருந்தால் உங்களுக்கும் ஒரு விற்பனை, எனக்கும் ஒரு மானிட்டர்.

எனவே நான் கேட்பது இதுதான். மானிட்டரைத் திரும்ப எடுத்துக்கொண்டு 27 இன்ச் 2560×1440 மானிட்டர் ஒன்றைக் கொடுத்து, விலை வித்தியாசத்தைத் திருப்பித் தாருங்கள். உங்கள் ஆலோசனையின் பேரில் வாங்கிய கார்டுக்கும் கேபிளுக்குமான ரூ. 4,800-ஐயும் முழுதாகத் தாருங்கள். உங்கள் விற்பனைப் பக்கத்தில் "4கே சப்போர்ட்" என்று இருக்கும் இடத்தில், எச்டிஎம்ஐ 1.4 உள்ள பழைய கம்ப்யூட்டரில் முழு வண்ணத்தோடு 30 ஹெர்ட்ஸ்தான் வரும் என்று ஒரு வரி சேருங்கள். எனக்குப் பின்னால் இந்த ஊரிலேயே நாலு பேர் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இக்கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பதில் வேண்டும். வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்துவிட்டு, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். வாட்ஸ்அப் உரையாடல் முழுவதும் என்னிடம் இருக்கிறது, அந்தக் கட்டைவிரல் பொம்மை உட்பட.

பெட்டி, தெர்மோகோல், கேபிள் சுற்றிய ரப்பர் பேண்ட் வரைக்கும் பத்திரமாக வைத்திருக்கிறேன். எடுத்துப்போக ஆள் அனுப்பினால் மதியம் இரண்டு மணிக்குமேல் அனுப்புங்கள். காலையில் பிளேட்டுக்கு ஃபைல் போகிற நேரம், சிஸ்டத்தை நிறுத்த முடியாது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
சிவகாசி.

இணைப்பு: பில் நகல்கள், வாட்ஸ்அப் உரையாடல், போர்ட்டுகளின் போட்டோ, சிவப்பு எழுத்து கசிந்த திரையின் போட்டோ.