எந்த ரப்பர் வாங்குவது என்று கேட்டாயே

சென்னை,
ஞாயிறு மாலை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. ஞாயிறு டேபிள் டென்னிஸ் ஆட்டம் முடிந்து, பேட்டைத் துடைத்து வைத்துவிட்டு நிதானமாக எழுதலாம் என்று காத்திருந்தேன். தங்கச்சிக்கு மூட்டுவலி குறைந்தது கேட்டு நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். பெரியவனுக்கு ஓசூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். சாயங்காலங்களில் வீடு வெறிச்சென்று இருக்கிறது. அதனாலேயே இப்போது வாரத்துக்கு நாலு நாள் ஆடப் போகிறேன்.

சரி, பாப்பாவின் பேட்டில் எந்த ரப்பர் ஒட்டுவது என்று கேட்டாயே, அதற்கு வருகிறேன். டெனர்ஜி 05 ரப்பரை இரண்டு பக்கமும் ஒட்டிக் கொடுத்தால் அவள் ஆட்டம் ஒரு படி ஏறிவிடும் என்று கடையில் சொன்னதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம் மாப்பிள்ளை. இன்னும் இரண்டு வருஷத்துக்காவது வேண்டாம். செலவுக்காகச் சொல்லவில்லை. நானே நாலு மாசம் நாலு ரப்பரை மாற்றி மாற்றி ஒட்டிப் பார்த்தேன், அதனால் சொல்கிறேன். ரப்பர் ஒட்டுகிற மரப்பலகை, அதாவது பிளேடு, ஒன்றுதான், ஐந்து அடுக்கு மரம். எதிரே ஆடியவரும் ஒரே ஆள். மாறியது ரப்பர் மட்டும்.

டெனர்ஜியில் லூப் போடுவது, பந்தை உரசி முன்னோக்கிச் சுழலவிட்டு அடிப்பது, தனிச் சுகம், அதை மறைக்க மாட்டேன். பந்து பட்டதும் ரப்பருக்கு அடியிலுள்ள ஸ்பான்ஞ் அழுங்கி, ஒரு கணம் பந்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பிறகு எகிறுவது கைக்கே தெரிகிறது. வலைக்கு மேலே நல்ல உயரத்தில் வில்லாக வளைந்து போய், அந்தப் பக்கம் மேஜையில் விழுந்ததும் சட்டென்று முன்னால் பாய்கிறது. முதல் நாள் நான் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். ஆனால் மறுநாள் மேட்ச் ஆடினோம். எதிரே ஆடியவர் பேக்ஸ்பின்னோடு, பந்து பின்னோக்கிச் சுழல, சின்னதாக ஒரு சர்வீஸ் போட்டார். எத்தனை வருஷமாக நான் புஷ் செய்து, மெதுவாகத் தள்ளித் திருப்பிய பந்து அது! பேட்டை அதே கோணத்தில்தான் வைத்தேன். பந்து வலைக்கு அடியில் போய் முட்டியது. அடுத்ததற்குப் பேட்டைக் கொஞ்சம் திறந்தேன். ஒரு சாண் உயரம் எழும்பிப் போய் அவருக்கு லட்டு மாதிரி நின்றது. ஒரே அடியில் முடித்துவிட்டார். நம் கையிலிருந்து பந்துக்குச் சுழற்சி ஏற்றிக் கொடுக்கிற ரப்பர், எதிராளி ஏற்றி அனுப்புகிற சுழற்சியையும் அதே பிடியோடு வாங்கிக்கொள்கிறது. நல்ல ரப்பர் என்று விலை கொடுத்து வாங்குகிறவர்கள் இந்தப் பாதியை யோசிப்பதில்லை. லூப் போடும்போது கிடைத்த லாபமெல்லாம் ரிசீவில், எதிராளியின் சர்வீஸைத் திருப்புவதில், போய்விடுகிறது. பாப்பாவுக்குப் பன்னிரண்டு வயது. இந்த வயதில் ஒரு மேட்சில் பாதிப் புள்ளிகள் சர்வீஸிலும் ரிசீவிலுமே முடிந்துவிடுகின்றன.

ஹரிக்கேன் 3 முற்றிலும் வேறு ஜாதி. மேல்பரப்பு பிசுபிசுப்பாக இருக்கும். பந்தை அதில் அழுத்திவிட்டுப் பேட்டைக் கவிழ்த்தால் விழாமல் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. மா லாங் முதலான சீன வீரர்கள் ஃபோர்ஹேண்டில் வைத்து ஆடியது இந்த வகைதான். உள்ளே ஸ்பான்ஞ் கெட்டி. மெதுவாகத் தொட்டால் செத்த மாதிரி இருக்கும், அதனால் வலையோரத்துப் பந்துகளைச் சின்னதாக வைக்க அருமையான ரப்பர். ஆனால் வேகம் வேண்டுமென்றால் இடுப்பைத் திருப்பி, கால் ஊன்றி, முழு வீச்சாக அடிக்க வேண்டும். ஸ்பான்ஞ் அழுங்கும் அளவுக்கு அடித்தால்தான் அது விழித்துக்கொள்ளும். கனமும் அதிகம். மூன்றாவது வாரம் எனக்குத் தோள்பட்டையில் வலி வந்து, கழற்றி வைத்துவிட்டேன். இங்கே இன்னொரு சங்கடமும் உண்டு. மழைக்காலத்தில் ஹாலுக்குள் ஈரக்காற்று அடித்தால் ரப்பர் மேல் பனி படர்ந்தாற்போல் ஆகிவிடும். எந்த ரப்பரானாலும் கொஞ்சம் வழுக்கத்தான் செய்யும். ஆனால் ஒட்டும் தன்மையை நம்பி ஆடுகிற ரப்பரில் அது பெரிய இடி. நன்றாகப் போட்ட லூப் நேரே வலையில் போய் விழும். நான் புள்ளிக்குப் புள்ளி துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

அப்புறம் மார்க் ஃபைவ். நம் மார்க் ஃபைவ்! யசாகா கம்பெனி 1969-இல் கொண்டுவந்தது. இன்னும் கடையில் கிடைக்கிறது. ஷீட்டைப் பிரித்ததும் வந்த வாசனையிலேயே ஹாஸ்டல் வராந்தா ஞாபகம் வந்துவிட்டது. மேட்சுக்கு முந்தின இரவு நீ சைக்கிள் பஞ்சர் சொல்யூஷனை ஸ்பான்ஞ்சில் பூசிப் பூசிக் காயவைப்பாயே! காலையில் ஸ்பான்ஞ் உப்பி, ரப்பரே விறைத்து, அடித்தால் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அந்த மாதிரிப் பசைகளை 2008-இல் தடை செய்துவிட்டார்கள். அந்த ஆவி மூச்சுக்குக் கெடுதல். மூடிய அறையில் அதை முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம் என்பதை இப்போது நினைத்தால் பதறுகிறது. இன்றைய ரப்பர்களில் அந்த விறைப்பைக் கம்பெனியிலேயே ஸ்பான்ஞ்சுக்குள் வைத்துத் தருகிறார்கள். மார்க் ஃபைவில் அது கிடையாது. நீ கொடுத்த வேகத்தைத்தான் அது திருப்பித் தரும். சோம்பேறித்தனமாக அடித்தால் பந்து சோம்பேறித்தனமாகவே போகும். கற்றுக்கொள்கிற பிள்ளைக்கு இதைவிட நேர்மையான ரப்பர் எனக்குத் தெரியவில்லை. தப்பு செய்தால் அன்றைக்கே தெரிந்துவிடும்.

நாலாவது ரக்ஸா 7, அதுவும் யசாகாதான். டெனர்ஜிக்கும் மார்க் ஃபைவுக்கும் நடுவில் நிற்கிறது. சுழற்சி தாராளமாக ஏறுகிறது, வேகமும் போதும், டெனர்ஜி மாதிரிக் கையை விட்டு ஓடுவதில்லை. நான் ஃபோர்ஹேண்டுக்கு அதை வைத்துக்கொண்டேன்.

ஷீட் அட்டையில் வேகம், சுழற்சி, கட்டுப்பாடு என்று மூன்று எண் போட்டிருப்பதைப் பார்த்து மூன்றும் அதிகமாக உள்ளதை எடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். ஒரு கம்பெனி 10-க்கு மார்க் போடுகிறது, இன்னொரு கம்பெனி 13 என்று போடுகிறது. அளவுகோல் அவரவருடையது, ஒன்றோடு ஒன்றை வைத்துப் பார்க்க முடியாது. கட்டுப்பாடு என்கிற எண்ணை நான் பார்ப்பதே இல்லை. அது பாதி ரப்பரில் இருக்கிறது, மீதி ஆடுகிறவளின் கையில் இருக்கிறது. அந்த எண்ணைவிட ஸ்பான்ஞ் எத்தனை மில்லிமீட்டர் என்று பார். ஒரே ரப்பரில் 1.8 எடுப்பதற்கும் 2.0-க்கு மேல் எடுப்பதற்கும் நிறைய வித்தியாசம். மெல்லியதில் பந்து சீக்கிரம் மரத்தைத் தொடுகிறது, அடி எப்படிப் பட்டது என்று கை உடனே உணர்ந்துகொள்கிறது.

பாப்பா தோற்ற மேட்சைப் பற்றி நீ எழுதியதைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். அந்தப் பெண் 'ஏமாற்று ரப்பர்' வைத்திருந்தாள் என்று எழுதியிருக்கிறாய். அப்படிச் சொல்லாதே, முக்கியமாகப் பாப்பா காதில் விழும்படி சொல்லாதே. அது லாங் பிம்பிள். நம் நாட்டு வீராங்கனை மணிகா பத்ரா பேக்ஹேண்டில் அதை வைத்துத்தான் 2018 காமன்வெல்த் போட்டியில் தங்கம் வாங்கினார். ரப்பர் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த நீளமான முளைகள் பந்தைப் பிடிப்பதில்லை, மடங்கி வழிவிடுகின்றன. அதனால் பாப்பா கொடுத்த சுழற்சி நிற்காமல், அதே திசையில் சுழன்றபடியே பந்து திரும்பி வருகிறது. அவள் டாப்ஸ்பின், அதாவது முன்னோக்கிய சுழற்சி, போட்டால் அவளுக்கு வருவது பேக்ஸ்பின். அவள் மறுபடி சாதாரணப் பந்து என்று நினைத்து அடித்தால் வலைதான். பேட்டில் ஒரு பக்கம் கறுப்பாகவும் மறுபக்கம் வேறு நிறமாகவும் இருக்க வேண்டும் என்று சட்டமே இருப்பது, எந்தப் பக்கத்தில் பந்து பட்டது என்று எதிராளி பார்த்துக்கொள்வதற்காகத்தான். பார்க்கச் சொல்லிக் கொடு. லாங் பிம்பிளுக்கு எதிரே ஒரு புஷ் போட்டால் வேகமில்லாத லேசான பந்து திரும்பி வரும், அதை அடிக்கலாம். பத்து நாள் பழகினால் பயம் போய்விடும்.

1952-இல் பம்பாயில் உலகப் போட்டி நடந்தபோதும் இதே புலம்பல்தான். ஜப்பானின் ஹிரோஜி சாடோ தடித்த ஸ்பான்ஞ் ஒட்டிய பேட்டோடு வந்தார். மற்றவர்கள் ஸ்பான்ஞ் இல்லாத முளை ரப்பரில் ஆடியவர்கள். பந்து படும் சத்தத்தை வைத்தே அடியின் வேகத்தைக் கணித்துப் பழகியவர்கள். சாடோவின் பேட்டில் சத்தமே எழவில்லை. சிங்கிள்ஸ் பட்டத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பிறகு 1959-இல் ரப்பர், ஸ்பான்ஞ், பசை எல்லாம் சேர்த்து 4 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். இன்றைக்கும் அதே 4 மில்லிமீட்டர்தான்.

மார்க் ஃபைவ், 1.8 மில்லிமீட்டர், சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். டெனர்ஜி ஒரு ஷீட் வாங்கும் காசில் இந்த இரண்டும் வந்துவிட்டன. அடுத்த வாரம் கூரியரில் அனுப்புகிறேன். பணம் அனுப்புகிறேன் என்று சொல்லாதே, கோபம் வரும். வந்ததும் அவசரப்பட்டு நீயே ஒட்டிவிடாதே. பசை திட்டுத் திட்டாக நின்றால் அங்கே பந்து வேறு மாதிரி எகிறும். பொங்கலுக்குப் பாளையங்கோட்டை வருகிறேன். பாப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, தண்ணீர்ப் பசை தடவி, அவளையே கத்தரிக்கோலால் ஓரம் வெட்டச் சொல்லலாம். என் பழைய லாங் பிம்பிள் பேட்டையும் எடுத்து வருகிறேன், அவளுக்கு எதிரே நான் ஆட.

அன்புடன்,
உன் டபுள்ஸ் பார்ட்னர்