வெறும் புல்லு இல்லை, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அங்கே நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

நைரோபியிலிருந்து கோவில்பட்டிக்கு வந்து எட்டு நாள் ஆகிறது. நான் வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோவுக்கு நீ, "என்னப்பா இது, வெறும் புல்லுதான தெரியுது?" என்று கேட்டிருந்தாய். போனில் சொல்லலாம் என்றால், நீ கூப்பிடும் நேரம் பேரனைக் குளிப்பாட்டும் நேரம். இரண்டு வார்த்தைக்கு மேல் ஓடாது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். அந்தப் போட்டோவை மட்டும் அழித்துவிடாதே.

உன் தம்பி எங்களைக் கென்யாவில் இருக்கும் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்குக் கூட்டிப் போகிறேன் என்றபோது நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். சஃபாரி என்றால் எனக்கு ஞாபகம் வந்தது உன் பெரிய மாமா தன் கல்யாண வரவேற்புக்குத் தைத்துப் போட்ட சஃபாரி சூட். அந்த நாட்டில் பேசும் சுவாஹிலி மொழியில் அந்த வார்த்தைக்குப் பயணம் என்றுதான் அர்த்தமாம். அப்படியென்றால் முப்பத்து நாலு வருஷம் நான் பஸ் ஓட்டியதும் சஃபாரிதானே என்றேன். அம்மா சிரிக்கவில்லை.

செலவைப் பற்றி நீ கேட்பாய் என்று தெரியும். நாங்கள் போனது ஏப்ரல் கடைசி. அங்கே மழைக்காலம். வெளிநாட்டுக்காரர்களுக்கு உள்ளே நுழைய ஒரு நாளைக்குத் தலைக்கு 100 டாலர். ஜூலை பிறந்துவிட்டால் அதுவே 200. ஜூலையிலிருந்து அக்டோபர் வரை தான்சானியா பக்கத்திலிருந்து நூ என்கிற மாடு மாதிரி மிருகங்கள் லட்சக்கணக்கில் ஆற்றைத் தாண்டி வரும், டிவியில் முதலை பிடிக்கிற மாதிரி காட்டுவார்களே, அந்தச் சமயம். அதை நாங்கள் பார்க்கவில்லை. பாதிக் காசுக்கு இடுப்பளவு புல்லைத்தான் பார்த்தோம். புல் உயரமாக இருந்தால் மிருகத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டம். அந்தக் கஷ்டத்தால்தான் இந்தக் கடிதமே.

நைரோபியிலிருந்து காலையில் கிளம்பி, நரோக் என்ற ஊரில் டீ குடித்து, மதியத்துக்கு மேல் போய்ச் சேர்ந்தோம். வழியில் தம்பி உன் ஊர்க்கதை ஒன்றைச் சொன்னான். 1898-ல் கென்யாவில் சாவோ என்ற இடத்தில் ரயில் பாலம் கட்டியபோது, இரண்டு சிங்கங்கள் ராத்திரி கூடாரத்துக்குள் புகுந்து, இந்தியாவிலிருந்து கூலிக்கு வந்தவர்களை இழுத்துக்கொண்டு போயினவாம். கடைசியில் பாலம் கட்டிய என்ஜினியரே இரண்டையும் சுட்டாராம். அந்த இரண்டும் பஞ்சடைத்து இப்போது சிகாகோ ஃபீல்டு மியூசியத்தில்தான் நிற்கின்றனவாம். இரண்டும் ஆண், ஆனால் பிடரி கிடையாது. இத்தனை வருஷம் அங்கே இருக்கிறாய், பேரனை ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போய்க் காட்டு. நம் நாட்டிலிருந்து கூலிக்குப் போனவர்களைத் தின்ற சிங்கம் என்று சொல்லாதே, பயந்துவிடுவான்.

சரி, மாராவுக்கு வருகிறேன். 1,510 சதுர கிலோமீட்டர். வேலி கிடையாது. தெற்கே அப்படியே தான்சானியாவின் செரெங்கெட்டி தேசியப் பூங்காவோடு ஒட்டிக்கொள்கிறது. எங்கள் வண்டியை ஓட்டிய பையனே வழிகாட்டியும். அந்தப் பக்கத்தில் மாடு மேய்க்கிற மசாய் இனத்துப் பையன், முப்பது வயதுக்குள் இருக்கும். சட்டையில் பேட்ஜ் குத்தியிருந்தான். எனக்குப் பழைய பழக்கம், பேட்ஜைப் பார்த்தால் விசாரிக்காமல் இருக்க முடியாது. அங்கே வழிகாட்டிகளுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று படி, ஒவ்வொன்றுக்கும் பரீட்சை. இவன் வெள்ளி. நானும் பஸ் டிரைவர்தான் என்று தம்பியை விட்டுச் சொல்லச் சொன்னேன். இறங்கி வந்து கை கொடுத்தான்.

ஓட்டுகிற விதத்தைப் பார்த்தே ஆள் கெட்டிக்காரன் என்று தெரிந்துவிட்டது. பாதையை விட்டு இறங்கவே மாட்டான். ரிசர்வுக்குள் புல் மேல் ஏற்றக் கூடாது என்று சட்டம், ஆனால் மற்ற வண்டிகள் ஏற்றுவதை என் கண்ணால் பார்த்தேன். ஒரு மிருகத்தைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கவும் கூடாது. ஒரு வண்டியில் யாரோ படுத்திருந்த சிங்கத்தை எழுப்பக் கை தட்டினார்கள். இவன் ஒன்றும் சொல்லாமல் எங்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். தம்பிக்குக் கோபம். எனக்குப் பிடித்திருந்தது.

முதல் நாள் சாயங்காலம் நான் என்ன பார்த்தேன் தெரியுமா? கல். மரக்கட்டை. கரையான் புற்று. யானை என்று நான் காட்டியதெல்லாம் பாறை, பாறை என்று விட்டதில் ஒன்று காண்டாமிருகம். அது ரொம்ப தூரத்தில், பைனாகுலரில் பார்த்தால் சாம்பல் நிற மூட்டை. அதன் முதுகில் சின்னப் பறவைகள் உட்கார்ந்து உண்ணி பொறுக்கிக்கொண்டிருந்தன. ஆள் வந்தால் அவைதான் கத்திக் காட்டிக் கொடுக்குமாம். காண்டாமிருகத்தின் காவல்காரன் என்றே சுவாஹிலியில் அதற்குப் பெயர். கண்பார்வை மட்டமான பெரிய மனுஷனுக்குக் கூடவே ஒரு வாட்ச்மேன்!

பெயர்களைக் கேட்டால் உனக்குச் சிரிப்பு வரும். நாம் வரிக்குதிரை என்கிறோம், அவர்கள் கோடு போட்ட கழுதை என்கிறார்கள், 'புண்டா மிலியா'. நாமோ கழுதையைக் கொண்டுபோய்க் கழுதைப்புலியில் வைத்திருக்கிறோம். சிங்கம் 'சிம்பா'. அதைக் கேட்டதும் அம்மா, "சிம்மந்தான, இதுக்கு எதுக்கு இங்கிலீஷு?" என்று கேட்டாள். நம் பனங்காடையின் சொந்தக்காரன் ஒன்று முள்மர நுனியில் உட்கார்ந்திருந்தது, நெஞ்சு மட்டும் கத்தரிப்பூ நிறம். அம்மாதான் முதலில் பார்த்தாள். பறக்கும்போது இறக்கையில் அதே நீலம்.

மறுநாள் காலை ஆறு மணிக்கே வண்டி ஏறிவிட்டோம். பூமத்திய ரேகைக்குப் பக்கம்தானே, வெயில் கொளுத்தும் என்று நான் பனியனும் சட்டையுமாகப் போனேன். அது கடல் மட்டத்துக்கு ஐயாயிரம் அடி மேலே. அம்மா கொண்டுவந்த போர்வைக்குள் நானும் ஒண்டிக்கொண்டேன்.

ராத்திரி பெய்த மழையில் பாதை சகதி. இறங்கிப் பார்க்க வேண்டியதே இல்லை பாப்பா, மணத்திலேயே தெரிந்துவிட்டது. கரிசல்! அசல் நம் கரிசல். காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும், நனைந்தால் அப்பை அப்பையாகச் சக்கரத்தைக் கவ்வும், அதே மண். ஒரு சின்ன ஓடையில் பின்சக்கரம் அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது. பையன் ஆக்சிலேட்டரை மிதிக்கவே இல்லை. மிதித்தால் இன்னும் புதையும் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் இறங்கிக் கல்லைப் பொறுக்கிப் போடலாம் என்று கதவில் கை வைத்தேன். "நோ, நோ, பாபா!" என்று கத்திவிட்டான். உள்ளே யாரும் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. அவன் மட்டும் நாலு பக்கமும் நன்றாகப் பார்த்துவிட்டு இறங்கினான். முப்பத்து நாலு வருஷத்தில் வண்டி மாட்டிக்கொண்டு நான் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான். அரை மணி நேரம் கழித்து இன்னொரு வண்டி வந்து கயிறு கட்டி இழுத்தது.

அந்த அரை மணி நேரத்தில்தான் அம்மா பேச ஆரம்பித்தாள். பையன் திரும்ப ஏறி உட்கார்ந்து பக்கத்து வண்டிக்கு வயர்லெஸ்ஸில் சொல்லிவிட்டுக் காத்திருந்தான். நீ சின்ன வயசில் மாடு மேய்த்தாயா என்று கேட்கச் சொன்னாள். தம்பி கேட்டான். ஆமாம், ஏழு வயதிலிருந்து என்றான். ராத்திரி எங்கே அடைப்பீர்கள்? முள்ளை வெட்டி வட்டமாகப் போட்டு அதற்குள், அதை 'போமா' என்போம் என்றான். அம்மா கையாலேயே வட்டம் போட்டு, "கிடை! எங்கய்யாவும் அப்படித்தான், வேலமுள்ளு" என்றாள். அந்த ஊர் முள்ளும் நம் வேலமரத்துச் சொந்தம்தான், இலையைப் பார்த்தாலே தெரிகிறது. அதற்கப்புறம் தம்பி மொழிபெயர்க்கத் தேவையே இல்லாமல் போய்விட்டது. இரண்டு பேரும் ஆட்டைக் கூப்பிடுகிற சத்தத்தை மாற்றி மாற்றிப் போட்டுக்காட்டிக்கொண்டிருந்தார்கள்.

அம்மா கல்யாணத்துக்கு முன்னால் ஆடு மேய்த்தவள் என்று உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அதில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்று இந்த நாற்பது வருஷத்தில் ஒரு நாள்கூட நான் கேட்டதில்லை.

சகதியிலிருந்து கிளம்பி இரண்டு மைல் போயிருப்போம். இடது பக்கம் ஒரு புற்றின் மேல் டோப்பி நின்றது. டோப்பி என்பது ஒருவகை மான், கன்றுக்குட்டி மாதிரி உடம்பு, நாலு காலிலும் மேல்பாதியில் மட்டும் யாரோ நீல மை பூசிய மாதிரி இருக்கும். புற்றின் மேல் ஏறி நின்று சுற்றிப் பார்ப்பது அதற்கு வழக்கம் என்று முதல் நாளே சொல்லியிருந்தான். நான் போட்டோ எடுக்கப் போனேன். அம்மா என் தோளைத் தட்டினாள்.

"நிறுத்தச் சொல்லுங்க. அது மட்டும் பாக்கல. கீழ நிக்குற நாலும் அங்கிட்டே பாக்குது."

பையன் ஏற்கெனவே பிரேக்கில் கால் வைத்திருந்தான். கண்ணாடியில் அம்மாவைப் பார்த்துச் சிரித்தான். அவன் மிருகத்தைத் தேடுவதே இல்லை பாப்பா, அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மற்ற மிருகங்கள் எதைப் பார்க்கின்றன என்றுதான் பார்க்கிறான். ஒட்டகச்சிவிங்கி மெல்லுவதை நிறுத்தியிருக்கிறதா, பிணந்தின்னிக் கழுகு வட்டம் போடுகிறதா அல்லது இறங்குகிறதா, மானெல்லாம் ஒரே திசையில் காதைத் திருப்பியிருக்கிறதா. "ஒரு ஆடு பாத்தா சும்மா. எல்லாம் ஒண்ணுபோலப் பாத்தா நரி" என்று அம்மா தம்பியிடம் சொல்ல, தம்பி அதை இங்கிலீஷில் சொல்ல, பையன் ஸ்டீயரிங்கைத் தட்டி, "எக்ஸாக்ட்லி, மாமா!" என்றான். அங்கே அம்மாவைத்தான் மாமா என்பார்கள்.

எஞ்சினை அணைத்துவிட்டான். காற்றில் புல் படுத்து எழுந்துகொண்டிருந்தது. அவன் பைனாகுலரில் தேடினான், தம்பி போனில் பெரிதாக்கித் தேடினான். ஐந்து நிமிஷம் இருக்கும். அம்மா பைனாகுலரை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. கையை நெற்றியில் வைத்து, "அந்தா, ரெண்டு கறுப்பு" என்றாள்.

சிங்கத்துக்குக் காதின் பின்பக்கம் கறுப்பாக இருக்குமாம். உடம்பெல்லாம் புல் நிறம், அந்தக் காதும் வால் குஞ்சமும்தான் காட்டிக்கொடுக்கும். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெண் சிங்கம் படுத்திருந்தது. புல் அசைந்தது, அந்த இரண்டு புள்ளி மட்டும் அசையவில்லை. அதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன் என்றாள் அம்மா. பையன் தன் பேட்ஜைத் தொட்டுக் காட்டி, இதை உங்களுக்கே கொடுத்துவிடுகிறேன் என்றான். அவள் வெட்கப்பட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டாள்.

சிறுத்தையைப் பார்க்கவில்லை. ஆற்றோர மரத்தில் ஒன்று இருக்கிறது என்று வயர்லெஸ்ஸில் சத்தம் வந்து ஓடினோம். ஐந்து வண்டி முன்னாலேயே நின்றது. எங்கள் முறை வருவதற்குள் இறங்கிப் போய்விட்டது. யானை, எருமை, சிங்கம், காண்டாமிருகம், சிறுத்தை, இந்த ஐந்தையும் பார்த்தால்தான் முழுப் பயணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். முன்பு வேட்டைக்காரர்கள், நடந்து போய்ச் சுடுவதற்கு ஆபத்தான மிருகங்கள் என்று போட்ட பட்டியலாம் அது. அந்த நாட்டில் வேட்டையை 1977-லேயே தடை செய்துவிட்டார்கள், பட்டியல் மட்டும் போகவில்லை. தம்பிக்கு நாலோடு நின்றதில் ரொம்ப வருத்தம். அம்மா திரும்பி வரும்போது கேட்டது, அந்தப் பையனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று.

இப்போது போட்டோவை எடு. போனில் வேண்டாம், கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கு. இடது ஓரத்தில் புற்று தெரிகிறதா? அதிலிருந்து வலது பக்கம் நாலு விரற்கடை தள்ளி வா. புல் நுனி வெளுத்திருக்கும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே, பக்கம் பக்கமாக இரண்டு கறுப்புப் புள்ளி. அதுதான். அதற்கு அடுத்து இன்னும் சின்னதாக ஒரு ஜோடி இருக்கிறது, குட்டி என்று அம்மா சாதிக்கிறாள். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறேன், எனக்குத் தெரியவில்லை. நீ பார்த்துச் சொல்.

அன்புடன்,
அப்பா