விடுமுறையில் ஒரு தாளும் நாலு கிரேயானும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு முடிந்துவிட்டது. விடைத்தாள்கள் பள்ளி திறந்ததும் கையில் வரும். இந்த இடைவெளியில் சில பிள்ளைகள் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவார்கள், சிலர் வயிறு வலிக்கிறதென்று சுருண்டு படுத்துக்கொள்வார்கள். மார்க் பயமோ, தோழியோடு சண்டையோ, வீட்டில் நேர்ந்த ஒரு இழப்போ, உள்ளே இருப்பது இன்னதென்று எடுத்துச் சொல்ல அவர்களுக்கு வராது. கையில் கிரேயானைக் கொடுத்தால் சில நேரம் வரும். படம் நன்றாக வரையத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

அழுகையும் ஆத்திரமும் உச்சத்தில் இருக்கும்போது தாளை நீட்டாதீர்கள். கிழித்துப் போடுவார்கள், அதற்கும் ஒரு திட்டு விழும். தண்ணீர் குடித்து, ஏதாவது சாப்பிட்டு, மூச்சு சீரான பிறகு 15, 20 நிமிடம் போதும்.

கடையில் முதலில் கண்ணில் படுவது வாட்டர் கலர். மனம் கலங்கிய பிள்ளைக்கு அதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. சாயம் ஓடும், எல்லாம் கலந்து சேற்று நிறமாகும், சாதாரண ஏ4 தாள் நனைந்து பிய்ந்துவிடும். பிள்ளை இன்னும் கலங்கும். மெழுகு கிரேயான் வைத்த இடத்தில் நிற்கும், அழுத்தினால் அழுத்தம் தெரியும். உடைந்த துண்டாக இருந்தால் மேல்தாளை உரித்துவிட்டுப் படுக்கவைத்துத் தேய்க்கலாம். தாளின் நான்கு மூலைகளையும் டேப்பால் தரையில் ஒட்டிவிடுங்கள். அழுத்தித் தேய்க்கும்போது தாள் நழுவுவதே பல பிள்ளைகள் பாதியில் எழுந்து போகக் காரணம்.

சிறு வகுப்புப் பிள்ளைக்கு ஒரு தாளில் மனித உருவத்தின் வெளிக்கோட்டை மட்டும் நீங்கள் போட்டுக் கொடுங்கள். "கோபம் வந்தா உடம்புல எங்க தெரியுது? அங்க கலர் அடி" என்று சொன்னால் போதும். நெஞ்சு, தொண்டை, வயிறு, விரல் நுனி என்று அவர்களே இடம் காட்டுவார்கள்.

கைகால் பரபரக்கும் பிள்ளைக்கு மாவு நல்லது. 2 டம்ளர் மைதா, 1 டம்ளர் தூள் உப்பு, முக்கால் டம்ளர் தண்ணீர். தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினால் பசையாகி விரலில் ஒட்டும், கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிசையுங்கள். கல் உப்பு கரையாமல் உறுத்தும். கையில் கீறல் இருந்தால் எந்த உப்பும் எரியும், அன்றைக்கு வேண்டாம். குத்தலாம், பிய்க்கலாம், உருட்டலாம். பொம்மை செய்தாக வேண்டும் என்று கேட்காதீர்கள்.

இரவில் பயந்து தூக்கம் வராத பிள்ளைக்குப் புள்ளிக்கோலம் உதவும். 5 புள்ளி 5 வரிசை போதும். வெள்ளைத்தாளில் புள்ளி கோணினால் சிக்குக்கோலத்தின் கோடு சேராமல் எரிச்சலூட்டும், கட்டம் போட்ட கணக்கு நோட்டு அதற்குச் சரி. எட்டாம் வகுப்புக்கு மேல் உள்ளவர்கள் இதையெல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டு என்பார்கள். பழைய செய்தித்தாளும் பசையும் கொடுத்து, பிடித்த சொற்களையும் படங்களையும் கிழித்து ஒட்டச் சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

கோபத்தையே பக்கம் பக்கமாக வரைய வைக்காதீர்கள். 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளிடம் உளவியலாளர்கள் ஜெனிஃபர் டிரேக், எலன் வின்னர் செய்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், வருத்தத்தை வரைந்தவர்களைவிட வேறு எதையோ வரைந்தவர்களின் மனநிலைதான் கூடுதலாகத் தேறியது. எனவே ஒரு தாள் உள்ளே இருப்பதற்கு. இரண்டாவது தாளில் ரயிலோ மாமரமோ பூனையோ, அவர்கள் விருப்பம்.

இதில் பெரியவர்களுக்குக் கஷ்டமான வேலை, பக்கத்தில் உட்கார்ந்து சும்மா இருப்பது. "இது என்ன, யானையா?" என்று கேட்டால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். "சூப்பரா இருக்கு" என்றால் அடுத்த முறை உங்களுக்குப் பிடித்ததை வரையும். "இதைப் பத்திச் சொல்றியா?" என்று ஒரு தடவை கேளுங்கள், சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். கோட்டைத் திருத்தாதீர்கள். பிள்ளையைக் கேட்காமல் சுவரில் ஒட்டுவதும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதும் வேண்டவே வேண்டாம். அது நாட்குறிப்பைப் படித்துக் காட்டுவதற்குச் சமம்.

கறுப்பு அதிகம் இருந்தால் மனநோய் என்று சிலர் சொல்கிறார்கள். ஒரு படத்தை வைத்து அப்படி எதையும் முடிவு செய்ய முடியாது, பெட்டியில் கறுப்புதான் நீளமாக மிஞ்சியிருந்திருக்கும். ஆனால் சாவு, தன்னையே காயப்படுத்திக்கொள்வது, யாரோ தொட்டுத் துன்புறுத்துவது போன்றவை படத்தில் வந்தாலோ, கூடவே தூக்கமும் சாப்பாடும் குறைந்தாலோ, குறுக்கு விசாரணை செய்யாமல் படத்தைத் தேதியிட்டுப் பத்திரப்படுத்தி, தாமதிக்காமல் வகுப்பாசிரியரிடமோ என்னிடமோ பேசுங்கள். விடுமுறை என்று தயங்க வேண்டாம். குழந்தைகள் உதவி எண் 1098, மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் 14416. இரண்டும் இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

இதற்கென்று செலவு செய்யாதீர்கள். ஒருபக்கம் அச்சான தாள்களையும் துண்டு கிரேயான்களையும் பள்ளி அலுவலகத்தில் எடுத்து வைத்திருக்கிறோம். வேலை நாட்களில் காலை 10 முதல் 1 மணிக்குள் வந்து வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்