கரி வேஷம் வேண்டாம்: எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்க நாடகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நாடகக் குழு நண்பர்களுக்கு,

வணக்கம். பொங்கல் விழா நாடகத்தின் ஒத்திகைப் படத்தைச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் பார்த்தேன். பக்கத்து வீட்டு அமெரிக்கக் கறுப்பினத்தவராக வருகிறவருக்கு முகமெல்லாம் கறுப்புச் சாயம், சுருட்டை விக், உதட்டைச் சுற்றித் தடித்த சிவப்பு. "சும்மா காமெடிதானே, நாமும் கறுப்புதானே" என்று கீழே பதில்கள் வேறு.

இந்த வேஷம் நாம் வாழும் இந்த அமெரிக்காவில் ஏறக்குறைய இருநூறு வருடப் பழசு. 1830 வாக்கில் தாமஸ் டார்ட்மவுத் ரைஸ் என்ற வெள்ளைக்கார நடிகர் முகத்தில் கரி பூசி, கந்தல் உடுத்தி, 'ஜிம் க்ரோ' என்ற கறுப்பராக ஆடிப் பாடிப் பேர் வாங்கினார். 1843இல் நியூயார்க்கில் வர்ஜீனியா மின்ஸ்ட்ரல்ஸ் என்ற நால்வர் குழு அதையே முழுநீள நிகழ்ச்சியாக்கியது. கார்க்கை எரித்துக் கரியாக்கிக் குழைத்து அப்புவார்கள். வாயைச் சுற்றி மட்டும் அகலமாக வெள்ளையோ சிவப்போ. சோம்பேறி, கோழித் திருடன், எஜமானை விட்டால் பிழைக்கத் தெரியாதவன். மேடையில் கறுப்பர் என்றால் இவ்வளவுதான். தெற்கே லட்சக்கணக்கானவர்கள் அடிமைகளாக உழைத்துக்கொண்டிருந்த காலம் அது. அடிமைகள் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள் என்று டிக்கெட் வாங்கியவர்களை நம்பவைத்து அனுப்பியது அந்த மேடை. அடிமைமுறை ஒழிந்த பிறகு தனிப் பள்ளிக்கூடம், தனி ரயில் பெட்டி என்று பிரித்துவைத்த சட்டங்களுக்கும் 'ஜிம் க்ரோ' என்ற அந்தக் கோமாளியின் பெயரே ஒட்டிக்கொண்டது.

கறுப்பினக் கலைஞர்களையும் அந்தக் கரி விடவில்லை. பெர்ட் வில்லியம்ஸ் மாநிறத்தவர். 1910இல் நியூயார்க்கின் நாடக வீதியான பிராட்வேயில், சீக்ஃபீல்ட் ஃபாலீஸ் என்ற ஆடல்பாடல் நிகழ்ச்சியில் வெள்ளை நடிகர்களோடு இடம்பிடித்த பெரிய நட்சத்திரம். அவரும் கரி பூசிக்கொண்டுதான் மேடையேறினார்.

சரி, "நாமும் கறுப்புதானே"க்கு வருகிறேன். டேவ் கார்சன் என்ற மின்ஸ்ட்ரல் நடிகர், அதாவது இப்படிக் கரி பூசி ஆடுகிறவர், 1860களில் இந்தியாவுக்கே வந்துவிட்டார். துரைமார் கூட்டத்துக்காக அவர் சேர்த்த புது உருப்படி, அரைகுறை ஆங்கிலம் பேசும் வங்காளி 'பாபு', அதாவது ஆங்கிலம் படித்த குமாஸ்தா. அதற்குச் செம வரவேற்பு. கல்கத்தா நடிகர் அர்தேந்து சேகர் முஸ்தஃபி பொறுக்கமாட்டாமல், வெள்ளைக்காரத் துரையைக் கிண்டலடித்து மேடையிலேயே பதிலடி கொடுத்தார். நம் தோலின் நிறம் அன்றைக்கு நம்மைக் காப்பாற்றவில்லை; கேலி நம் பக்கமும் திரும்பியது. நாம் முஸ்தஃபி பக்கம் நிற்க வேண்டியவர்கள், கார்சன் பக்கம் அல்ல. அதுவும் நம்மில் பலரை இங்கே வரவிட்ட 1965 குடியேற்றச் சட்டம், கறுப்பின மக்கள் அடியும் சிறையும் பட்டு நடத்திய சம உரிமைப் போராட்டத்தின் சூட்டில் பிறந்தது.

தெருக்கூத்தில் அரிதாரம் பூசுகிறோமே என்று ஒருவர் கேட்டிருந்தார். பூசுகிறோம். ஆனால் அந்த வேஷத்தைப் பார்த்துப் புண்பட துரியோதனன் யாரும் அடுத்த தெருவில் குடியிருக்கவில்லை. நம் விழா நடக்கும் பள்ளி அரங்கில் வருடா வருடம் மைக்கும் விளக்கும் பார்த்துத் தருகிறவர் கறுப்பினத்தவர். இந்தத் தடவையும் அவர் மேடைக்குப் பக்கவாட்டில்தான் நிற்பார்.

பாத்திரம் இருக்கட்டும். சாயம், விக், உதட்டுச் சிவப்பு மூன்றும் வேண்டாம். அந்த இழுவை ஆங்கிலமும்தான். நிறத்தை வைத்து வரும் ஜோக்குகளை எடுத்துவிட்டாலும் மொய்க் கணக்குக் காட்சி ஒன்றே அரங்கத்தைச் சிரிக்கவைத்துவிடும். அடுத்த ஒத்திகைக்கு முன் உங்கள் முடிவைக் குழுவில் போடுங்கள். வசனத்தை மாற்றி எழுத ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
சங்க உறுப்பினர் ஒருவர்