எஸ்எம்பிஎஸ் மாற்றலாமா என்று கேட்ட நண்பனுக்கு

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்தது. வீட்டில் எல்லோரும் நலம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, மீதி மூன்று பக்கமும் கம்ப்யூட்டரைப் பற்றியே எழுதியிருக்கிறாய். இங்கேயும் எல்லோரும் நலம். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உன் மெஷினில் இருப்பவை: ரைசன் 7 5800எக்ஸ் பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 3080 கிராபிக்ஸ் கார்டு, பழைய மெஷினிலிருந்து கழற்றிப் போட்ட 2016-ஆம் வருட 650 வாட் கோல்டு எஸ்எம்பிஎஸ், அதாவது சுவர் மின்சாரத்தை மெஷினுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி. பிரவுசர், சினிமா, ஆபீஸ் வேலை எதிலும் தொந்தரவில்லை. கேம் ஆடும்போது மட்டும் பத்து நிமிடத்திலோ ஒரு மணி நேரத்திலோ திரை கறுத்து மெஷின் நின்றுவிடுகிறது. கடைக்காரர் பெட்டியைத் திறக்காமலே "எஸ்எம்பிஎஸ் போச்சு சார், மாத்திடுங்க" என்கிறார். அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் இதே நோய்க்குறியைக் காட்டக்கூடிய வேறு மூன்று பேர் உன் மேஜையிலேயே இருக்கிறார்கள். அவர்களை விசாரிக்கச் செலவே கிடையாது.

முதலில் எப்படி நிற்கிறது என்பதைச் சரியாகப் பார்த்து எழுது. "கிராஷ் ஆகுது" என்று நீ ஒரே வார்த்தையில் சொல்வதில் நான்கு வகை இருக்கிறது. கேம் மட்டும் மூடிக்கொண்டு டெஸ்க்டாப் வந்தால் அது பெரும்பாலும் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர், ரேம் அல்லது கேமின் கோளாறு. திரை கறுத்து, கிராபிக்ஸ் கார்டின் ஃபேன் மட்டும் முழு வேகத்தில் அலறி, ஹெட்போனில் சத்தம் சிறிது நேரம் ஓடினால், கார்டு மட்டும் விழுந்திருக்கிறது. நீலத்திரை வந்தால் விண்டோஸுக்குச் சாகும்முன் பேச நேரம் இருந்திருக்கிறது. ஃபேன், விளக்கு எல்லாமே ஒரே நொடியில் அணைந்தால்தான் மின்சாரத்தின் மீது சந்தேகம் வலுக்கும். அதிலும் ஒரு நுட்பம் உண்டு. அணைந்த பிறகு பவர் பட்டனை அழுத்தியும் அசையாமல், பின்பக்க ஸ்விட்சை அணைத்துச் சில நொடி பொறுத்துப் போட்டால்தான் உயிர் வருகிறது என்றால், எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்புச் சுற்று தன்னைத் தானே பூட்டிக்கொண்டது என்று அநேகமாகச் சொல்லிவிடலாம். தானாகவே ரீஸ்டார்ட் ஆனால் இன்னும் முடிவு சொல்ல முடியாது. பிராசஸர் பிழையும் அப்படிச் செய்யும்.

அடுத்தது விண்டோஸின் பதிவேடான இவென்ட் வியூவர். விண்டோஸ் லாக்ஸ், அதில் சிஸ்டம். நின்ற நேரத்துக்குப் போனால் கெர்னல்-பவர் 41 என்று ஒரு சிவப்பு வரி இருக்கும். இதைப் பார்த்தவுடன் "பவர் என்று விண்டோஸே சொல்கிறது" என்று பலர் எஸ்எம்பிஎஸ் வாங்கப் போய்விடுகிறார்கள். அந்த வரிக்கு அர்த்தம், போன முறை முறைப்படி ஷட்டவுன் ஆகவில்லை என்பது மட்டுமே. பிளக்கைப் பிடுங்கினாலும் அதே 41 தான். உள்ளே டீடெய்ல்ஸ் பகுதியில் பக்செக்கோட் என்ற எண்ணைப் பார். அது 0 என்றால் நீலத்திரைக்குக்கூட அவகாசமில்லாமல் போயிருக்கிறது. 278 அல்லது 292 போன்ற எண் இருந்தால் கதை வேறு. இந்த இடத்தில் எண் தசமத்தில் காட்டப்படும். நீலத்திரையில் பதினாறின் அடிமானத்தில் வரும். 278 என்பது அங்கே 116, கிராபிக்ஸ் டிரைவர் மீளவில்லை என்று பொருள். 292 என்பது அங்கே 124, வன்பொருள் பிழை. 41-க்குப் பக்கத்திலேயே டபிள்யூஎச்இஏ-லாகர் 18 என்ற வரி இருந்தால் பிராசஸர் தானே புகார் எழுதி வைத்திருக்கிறது. 4101 இருந்தால் டிஸ்ப்ளே டிரைவர் பதில் சொல்லாமல் போய்த் திரும்பி வந்திருக்கிறது.

இனி உன் மேஜையில் இருக்கும் அந்த மூன்று பேர்.

முதல் ஆள் உன் 600 விஏ யூபிஎஸ். பெட்டியில் எழுதியிருக்கும் 600-ஐப் பார்க்காதே, வாட் எவ்வளவு என்று பார். இந்த அளவு யூபிஎஸ்கள் பொதுவாக 360 வாட் தான் தரும். உன் மெஷின் கேமில் 500 வாட்டைத் தொடும். லைன் கரண்ட் ஒழுங்காக இருக்கும்வரை அது நேராகக் கடத்திவிட்டுச் சும்மா இருக்கும். வோல்டேஜ் ஒருமுறை தடுமாறி, யூபிஎஸ் பேட்டரிக்கு மாறும் அந்தக் கணத்தில் சுமை தாங்காமல் கையை விரித்துவிடும். "எப்போது நிற்கும் என்று சொல்லவே முடியவில்லை" என்று நீ எழுதியதற்கு இதுவே போதுமான காரணம். இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி: மானிட்டரும் அதே யூபிஎஸ்ஸில்தானே இருக்கிறது? மெஷின் நிற்கும்போது மானிட்டரின் சின்ன விளக்கும் சேர்ந்து அணைந்தால் குற்றவாளி யூபிஎஸ். மானிட்டர் 'நோ சிக்னல்' என்று காட்டினால் யூபிஎஸ் அநேகமாக நிரபராதி. எப்படியானாலும் இரண்டு நாள் மெஷினை நேராகச் சுவர் பிளக்கில் போட்டு ஆடிப்பார். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். பிளக் ஆடாமல் இறுக்கமாக நிற்கும் பாயின்ட்டாகப் பார்த்துப் போடு.

இரண்டாவது ஆள் நீயே பயாஸில், அதாவது மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரையில், செய்து வைத்தது. பிராசஸரின் வோல்டேஜைக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசரில் அதன் எல்லாக் கோருக்கும் மைனஸ் 20 என்று எழுதியிருந்தாய். அதில் சினிபெஞ்ச், பிரைம்95 என்ற சுமைச் சோதனைகள் ஓடுகின்றன, ஆகவே ஸ்டேபிள் என்கிறாய். அங்கேதான் ஏமாற்றம். எல்லாக் கோரும் முழுச்சுமையில் இருக்கும்போது வேகம் குறைந்துதான் ஓடும்; அப்போது வோல்டேஜ் குறைவு தெரியாது. கேமில் ஒன்றிரண்டு கோர் மட்டும் உச்ச வேகத்துக்குத் தாவும். அந்த வேகத்துக்கு மைனஸ் 20 போதாத கோர் ஒன்று இருந்தால் மெஷின் சத்தமில்லாமல் ரீஸ்டார்ட் ஆகும். லாகில் 18 விழும், கேஷ் ஹையரார்க்கி எரர் என்று. 5000 வரிசை ரைசன்களில் இது நன்றாகத் தெரிந்த விஷயம். எனவே பயாஸில் 'ஆப்டிமைஸ்டு டிஃபால்ட்ஸ்' போடு. கர்வ், பிராசஸரின் மின் வரம்பை உயர்த்தும் பிபிஓ, ரேமின் வேகத்தை உயர்த்தும் எக்ஸ்எம்பி மூன்றும் போகட்டும். ரேம் 3600-லிருந்து கீழே இறங்கும், கேம் கொஞ்சம் மந்தமாகும். இரண்டு நாளைக்குப் பொறுத்துக்கொள். ஒரு ராத்திரி, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ நான்கு பாஸ் ஓடவிடு. முதலில் டிஃபால்ட்டில், அது சுத்தமாக வந்தால் எக்ஸ்எம்பி போட்டு இன்னொரு ராத்திரி. ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான்; "ஒண்ணுதானே" என்று விடாதே.

மூன்றாவது ஆள் வெப்பம். இதை நான் அதிகம் சந்தேகிக்கவில்லை. சூடானால் கார்டு முதலில் வேகத்தைக் குறைக்கும், நொடிக்கு வரும் ஃப்ரேம்களின் எண்ணிக்கை விழும், ஃபேன் கத்தும். சொல்லாமல் கொள்ளாமல் அணைவது அதன் சுபாவம் இல்லை. இருந்தாலும் வெப்பம், வோல்டேஜ் எல்லாம் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோவில் லாகிங் போட்டுவிட்டு ஆடு. மெஷின் விழுந்த பிறகு கோப்பின் கடைசி வரிசையைப் பார்த்தால் போதும். 3080-ல் மெமரியின் வெப்பத்தைத் தனியாகப் பார். 110 டிகிரியில் அது தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும். அதே கோப்பில் 12 வோல்ட் என்று மதர்போர்டு சென்சார் காட்டும் எண்ணை மட்டும் வேதவாக்காக எடுக்காதே. சிலவற்றில் 11.2 என்று பயமுறுத்தும், மீட்டர் வைத்துப் பார்த்தால் 12.1 இருக்கும்.

இந்த மூவரும் தப்பித்துவிட்டால் எஸ்எம்பிஎஸ் மீது வழக்குப் போடலாம். அதற்குச் சாட்சி தேட நல்ல கருவி, கார்டின் பவரையும் வேகத்தையும் மாற்ற உதவும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர். பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்கு. 320 வாட் கார்டு 224 வாட்டில் நிற்கும். எந்த கேமில், எந்த இடத்தில் அடிக்கடி விழுந்ததோ அதையே இரண்டு மாலை ஆடு. விழுவது நின்றுவிட்டால் மின்சாரப் பக்கம் விரல் நீள்கிறது. ஆனால் பவர் குறைந்தால் கார்டின் வேகமும் குறைகிறதே, வேகம் தாங்காத கார்டும் அப்போது ஒழுங்காக நடக்குமே என்று நீ கேட்பாய். சரியான கேள்வி. அதனால் மறுநாள் பவர் லிமிட்டை 100-க்கே ஏற்றிவிட்டு, கோர் கிளாக்கை மட்டும் 150 மெகாஹெர்ட்ஸ் குறை. அப்போதும் பழையபடி மொத்தமாக அணைந்தால் கார்டின் வேகம் காரணமல்ல.

கார்டுக்குச் சுமை ஏற்றும் ஃபர்மார்க் அரைமணி நேரம் ஓடியது, அதனால் எஸ்எம்பிஎஸ் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, அது செல்லாது. ஃபர்மார்க் ஒரே சீராக இழுக்கும். கேம் அப்படியல்ல. ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்த ஃப்ரேமுக்கும் நடுவில் கார்டு ஓய்ந்து மறுபடி பாயும். சராசரி 320 வாட் என்று கணக்குக் காட்டும் 3080, மில்லி செகண்டுக்கும் குறைவான நேரத்துக்கு 450 வாட்டைத் தாண்டிப் போகும். எச்டபிள்யூஇன்ஃபோவோ மல்டிமீட்டரோ அந்த வேகத்தைப் பிடிக்காது, ஆசிலோஸ்கோப் வேண்டும். பிராசஸர் உச்சத்தில் 142 வாட், போர்டு, எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேர்ந்து ஒரு 60, 70. சராசரியாகக் கூட்டினால் 530 வாட், 650-க்குள் சுகமாக அடங்குகிறது. அந்தத் துள்ளலைக் கூட்டினால் 650-ஐத் தாண்டிவிடும். 2016-ல் வடிவமைத்த யூனிட் இப்படிப்பட்ட கார்டை நினைத்துச் செய்ததல்ல; துள்ளலை ஷார்ட் என்று எண்ணித் தன்னை அணைத்துக்கொள்வது அதன் கண்ணில் கடமை. நிவிடியாவே 3080-க்கு 750 வாட் என்றுதான் சொல்கிறது. போதாததற்கு உள்ளிருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் வருடம் போகப்போக வறண்டு, திடீர்ச் சுமையைத் தாங்கும் சக்தியை இழக்கும். மே மாதத்து அறைச் சூட்டில் அது இன்னும் வேகமாக நடக்கும்.

வாங்குவதற்கு முன் இன்னும் ஒன்றே ஒன்று. உன் கார்டில் இரண்டு 8-பின் சாக்கெட். இரண்டையும் ஒரே கேபிளின் இரட்டை வாலில் செருகியிருக்கிறாய் என்று நீ அனுப்பிய படத்தில் தெரிகிறது. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து இரண்டு தனிக் கேபிள் இழு. ஒரு 8-பின்னுக்கு 150 வாட் என்பது விதி. ஒரே கேபிளில் 250-க்கு மேல் ஓடினால் கம்பியிலும் பின்னிலும் வோல்டேஜ் விழும், சூடாகும். கழற்றும்போது பின்களைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கிறதா என்று பார். இந்த மாற்றத்தாலேயே சரியாகிப்போன மெஷின்கள் உண்டு. மல்டிமீட்டர் கையில் இருந்தால், கார்டில் செருகிய கனெக்டரின் பின்பக்கம் வழியாக 12 வோல்ட் கம்பிக்கும் தரைக்கம்பிக்கும் நடுவில் அள. உன் யூனிட் காலத்து விதிப்படி 11.40-க்கும் 12.60-க்கும் நடுவில் இருக்க வேண்டும். சும்மா இருக்கும்போது 12.1, கேமில் 11.9 என்றால் கவலையில்லை. 11.5-க்குச் சரிந்தால், விதிக்குள்தான் என்றாலும், பரிசோதனையை அங்கேயே நிறுத்திக்கொள். பச்சைக் கம்பியையும் கறுப்பையும் இணைத்து ஃபேன் சுற்றுகிறதா என்று பார்க்கும் அந்தப் பழைய பரிசோதனை இங்கே பயன்படாது. உயிர் இருக்கிறதா என்றுதான் அது சொல்லும், பலம் இருக்கிறதா என்று சொல்லாது. எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து கெபாசிட்டர் மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கேட்காதே. உள்ளே முதன்மைக் கெபாசிட்டரில் 400 வோல்ட் வரை நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும்.

என் தீர்ப்பைக் கேட்டாயானால்: சோதனை எப்படி முடிந்தாலும் அந்த 2016 யூனிட்டை ஓய்வுக்கு அனுப்பிவிடு. கர்வ் ஆப்டிமைசரோ யூபிஎஸ்ஸோதான் காரணம் என்று தெரிந்தால் அவசரம் இல்லை, மூன்று மாதம் கழித்து வாங்கலாம். மின்சாரம்தான் என்று உறுதியானால் உடனே வாங்கு. சோதனையைச் செய்யச் சொல்வது பணத்தை மிச்சம் பிடிக்க அல்ல. புதிய எஸ்எம்பிஎஸ் போட்டும் மறுபடி விழுந்து, அடுத்து கார்டு, அடுத்து போர்டு என்று கடைக்காரர் சொல்லச் சொல்ல நீ வாங்கிக்கொண்டே போகக் கூடாது என்பதற்காக. இடைக்காலத்துக்கு கார்டை அண்டர்வோல்ட் செய்து வை, அதாவது குறைந்த வோல்டேஜில் ஓடவிடு. 850 மில்லிவோல்ட்டில் 1800 மெகாஹெர்ட்ஸ் பக்கம் பெரும்பாலான 3080-கள் நிற்கும், துள்ளலும் அடங்கும்.

வாங்கும்போது 850 வாட். ஆயிரம் வேண்டாம், உன் மெஷினுக்கு வீண். எஸ்எம்பிஎஸ்களுக்கான விதியின் பதிப்பு ஏடிஎக்ஸ் 3.0 அல்லது 3.1 என்று பெட்டியில் போட்டிருக்கட்டும். 2022-ல் 3.0-உடன் வந்த அந்த விதி, 100 மைக்ரோசெகண்டுக்கு இரு மடங்குச் சுமையை யூனிட் தாங்க வேண்டும் என்கிறது. உன் கார்டின் நோய்க்கு எழுதிய மருந்துச் சீட்டு மாதிரி. கோல்டு, பிளாட்டினம் என்பதெல்லாம் எவ்வளவு மின்சாரம் வீணாகாமல் போகிறது என்பதற்கான முத்திரை. உள்ளிருக்கும் சரக்கின் தரத்துக்குச் சான்றிதழ் அல்ல. வாரண்டி 7 அல்லது 10 வருடம் உள்ளதாகப் பார். சென்னை ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டில் எது வாங்கினாலும் சரி, எஸ்எம்பிஎஸ் மட்டும் வாங்காதே.

மாட்டும்போது ஒரே ஒரு எச்சரிக்கை, இதை அடிக்கோடிட்டுப் படி. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து கழற்றி மாட்டக்கூடிய பழைய மாடுலர் கேபிள் ஒன்றைக்கூடப் புதிய யூனிட்டில் செருகாதே. கார்டுப் பக்க முனை எல்லாவற்றிலும் ஒன்றுதான்; எஸ்எம்பிஎஸ் பக்க முனையின் பின் வரிசைக்குப் பொது விதி கிடையாது. ஒரே கம்பெனியின் இரண்டு மாடலுக்குள்ளேயே மாறும். செருகினால் அழகாகப் பொருந்தும், ஆன் செய்த கணத்தில் எஸ்எஸ்டியும் ஹார்டு டிஸ்க்கும் போய்விடும். கேபினெட்டின் பின்னால் ஒளித்துக் கட்டிய, டிஸ்க்குகளுக்கு மின்சாரம் தரும் சாட்டா கேபிளைத்தான் சோம்பலில் பலர் விட்டுவைப்பார்கள். அதையும் உருவிவிடு.

உன் தம்பியின் மெஷின் பற்றிக் கேட்டிருந்தாய். அவனுடையது இன்டெல் 13900கே பிராசஸர், 'அவுட் ஆஃப் வீடியோ மெமரி' என்று சொல்லி கேம் மூடுகிறது என்றால் எஸ்எம்பிஎஸ்ஸையும் கார்டையும் தொடவே வேண்டாம். இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை பிராசஸர்களில் வந்த கோளாறின் அடையாளம் அது. 2024 ஆகஸ்ட், செப்டம்பரில் பிராசஸரின் உள் நிரலான மைக்ரோகோடுக்குத் திருத்தங்கள் வந்தன. பயாஸைப் புதுப்பிக்கச் சொல். ஏற்கெனவே தேய்ந்துவிட்ட சிப்பை அது குணப்படுத்தாது. இன்டெல் இவற்றுக்கு வாரண்டியை இரண்டு வருடம் நீட்டியிருக்கிறது, பில்லை எடுத்து வைக்கச் சொல்.

அடுத்த கடிதத்தில் எனக்கு மூன்று விஷயம் எழுது: 41-க்குள் இருக்கும் பக்செக்கோட் எண், பக்கத்தில் 18 இருக்கிறதா இல்லையா, அணையும்போது மானிட்டர் விளக்கு என்ன செய்கிறது. போன தடவை மாதிரி "ஏதோ சிவப்பா நிறைய இருக்கு" என்று எழுதினால் பதில் வராது.

அன்புடன்,
உன் மாப்ளே